கைவேலையும் கல்வியே!

இல்லமும் எண்ணமும் – மாதந்தோறும்





சென்ற மாதம் எமக்கு வந்த மடல்களுள் ஒன்று, கடற்கரையோர ஊரொன்றிலிருந்து ஒரு தாய் எழுதியது. பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் விருப்பப்படியே அவற்றை மறைத்து, மடலின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறோம்.

அவருடைய மகனுக்கு வயது பதினெட்டு. பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு பயில்கிறான். கைச்செலவுக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சம் பிடித்து, கடைகளில் சின்னஞ்சிறு மின்னணுப் பாகங்களை வாங்கி வருகிறான். பழைய பிஸ்கட் டப்பாவில் துளையிட்டு, திருகு குமிழ்களைப் பொருத்தி, உள்ளே கம்பிகளை ஈயத்தால் பற்றவைத்து, விதவிதமாக ஓசை எழுப்பும் பெட்டிகளைச் செய்கிறான். அவனைப் போன்ற நண்பர்கள் நால்வர் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டைமாடியில் கூடி, அவரவர் செய்ததை நடுவில் வைத்து, "இது ஏன் இரைகிறது, அது ஏன் ஒலிக்கவில்லை" என்று இருட்டும்வரை பேசிக்கொண்டிருப்பார்களாம்.

அவனுடைய வாப்பா பத்தொன்பது ஆண்டுகள் சபுரில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். ஒருநாள் அஸருக்குப் பின் அவர் சற்றே கண்ணயர்ந்த நேரத்தில் பெட்டி ஊளையிட்டது. எழுந்து வந்தவர், "இந்தப் பேய்ச் சத்தத்தைக் கேட்கவா நான் அந்த வெயிலில் நின்றேன்?" என்று கேட்டுவிட்டு, பெட்டியையும் கருவிகளையும் வாரிப் பரணில் போட்டுப் பூட்டிவிட்டார். "ஒரே சஹனில் கைவைத்து உண்டவர்கள் இருபது நாட்களாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. மகன் செய்வது வீண் வேலையா? பாவமான வேலையா? நான் யார் பக்கம் நிற்பது?" என்று அந்தத் தாய் கேட்கிறார்.

இக்கேள்வி ஒரு வீட்டின் கேள்வி அன்று. பிள்ளைகளின் கைகள் துறுதுறுவென்றிருக்கும் வீடுகளிலெல்லாம் ஏதோ ஒரு நாள் எழக்கூடிய கேள்வி. ஆகவே சற்று விரிவாகவே பேசுவோம்.

பெட்டிக்குள் இருப்பது என்ன?

தீர்ப்புக் கூறுமுன் பொருளைப் பார்க்க வேண்டும். ஓசை என்பது காற்றின் அதிர்வு. நொடிக்கு ஏறத்தாழ 20 முறை முதல் 20,000 முறை வரை அதிர்வதை நம் செவி ஓசையாக உணர்கிறது. வீணையில் கம்பி அதிர்கிறது. குழலில் காற்று அதிர்கிறது. பக்கீர்மார்களின் தாயிராவில் தோல் அதிர்கிறது. 'சிந்தசைசர்' எனப்படும் மின்னிசைப் பெட்டியிலோ மின்னழுத்தமே ஏறியும் இறங்கியும் அதிர்கிறது. அந்த அதிர்வை ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பு காற்றிடம் ஒப்படைக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள ஒரு தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய் வழியே தண்ணீர் விழுகிறது. மேல்கோட்டைத் தொட்டதும் மடை தானே திறந்து தொட்டி வடிகிறது. கீழ்க்கோட்டுக்கு இறங்கியதும் மடை மூடி மீண்டும் நிறைகிறது. மின்னணுவியலில் அந்தத் தொட்டிக்கு மின்தேக்கி என்று பெயர். குழாய்க்கு மின்தடை என்று பெயர். மடையைத் திறந்து மூடும் வேலையை ஒரு சிறிய ஐ.சி. பார்த்துக்கொள்கிறது. குழாயைக் குறுக்கினால் தொட்டி மெல்ல நிறையும், ஓசை தாழும். குழாயை அகட்டினால் விரைவில் நிறையும், ஓசை உயரும். பிஸ்கட் டப்பாவின் மேலிருக்கும் குமிழைத் திருகும்போது அந்தப் பிள்ளை செய்வது இவ்வளவுதான்: குழாயின் வாயைக் குறுக்குகிறான், அகட்டுகிறான்.

40106 என்ற எண்ணுடைய ஐ.சி. ஒன்றினுள் இத்தகைய மடைகள் ஆறு இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு மின்தடையும் ஒரு மின்தேக்கியும் சேர்த்து, 9 வோல்ட் பாட்டரியை இணைத்தால் ஆறு ஓசைகள் பிறக்கும். பெரிய சிந்தசைசர்கள் இதற்கு மேல் இன்னும் சில படிகளை ஏறுகின்றன. பிறந்த ஓசையின் கூர்மையைக் குறைக்க ஒரு வடிகட்டி. ஓசை எவ்வளவு விரைவாக எழுந்து எவ்வளவு மெதுவாக அடங்க வேண்டும் என்று ஆளும் ஒரு பகுதி. விசைப்பலகையின் கட்டளையை மின்னழுத்தமாகக் கொண்டுசெல்லும் ஒரு பகுதி. ஒவ்வொரு படியிலும் கணக்கு உண்டு, இயற்பியல் உண்டு, பொறுமைக்குச் சோதனையும் உண்டு.

பாக்தாதிலிருந்து தியார்பக்ர் வரை

இதெல்லாம் மேல்நாட்டார் கற்றுத்தந்த பித்து என்று சிலர் எண்ணக்கூடும். நம் வரலாற்றுப் பக்கங்களைப் புரட்டினால் வியப்பே மிஞ்சும்.

ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில், அதாவது கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில், அப்பாஸியக் கலீஃபாக்களின் தலைநகரான பாக்தாதில் மூன்று உடன்பிறந்தார் வாழ்ந்தனர். மூஸா இப்னு ஷாகிரின் மக்களாகிய முஹம்மது, அஹ்மது, ஹஸன் ஆகிய இவர்களைப் 'பனூ மூஸா' என்று வரலாறு அழைக்கிறது. கி.பி. 850-ஐ ஒட்டி இவர்கள் இயற்றிய 'கிதாபுல் ஹியல்' என்னும் நூல் ஏறத்தாழ நூறு பொறிகளைப் படங்களுடன் விளக்குகிறது. தானே ஒலிக்கும் குழற்கருவி ஒன்றைப் பற்றித் தனியொரு சிறுநூலும் இவர்கள் பெயரால் கிடைத்திருக்கிறது. நீரின் விசையால் ஓர் உருளை சுழலும். உருளையின் மேல் பதித்த முளைகள் குழலின் துளைகளை முறைப்படி திறந்து மூடும். முளைகளின் அமைப்பை மாற்றினால் ஒலிக்கும் இசையும் மாறும். இன்று மின்னிசைக் கருவிகளில் ஓசைகளை வரிசைப்படுத்தும் பகுதி செய்வதும் இதுவேயன்றி வேறென்ன?

இவர்களுக்கு மூன்றரை நூற்றாண்டுகளுக்குப் பின், தியார்பக்ரில் அர்துக்கிய மன்னர்களின் பணியில் இருந்தவர் இஸ்மாயீல் அல்ஜஸரீ. ஹிஜ்ரி 602-இல், கி.பி. 1206-இல், அவர் நிறைவு செய்த நூலில் ஐம்பது பொறிகள் இடம்பெறுகின்றன. யானையின் முதுகில் அமைந்த கடிகாரம், உளூச் செய்ய நீர் வார்க்கும் கருவி, நீர் இறைக்கும் எந்திரங்கள், படகில் அமர்ந்து வாத்தியம் முழக்கும் பொம்மைகள் என அவை பலதிறப்பட்டவை.

இங்கே நாம் ஊன்றி நோக்க வேண்டியது பொறிகளின் விந்தையை அன்று, நூலின் தன்மையை. அரசவைக் கைவினைஞர் தம் தொழில் இரகசியத்தை நெஞ்சுக்குள் பூட்டிவைத்துக் கொண்டுபோவது உலக வழக்கம். அல்ஜஸரீயோ எந்த உலோகத்தை எடுப்பது, எவ்வளவு பெரிதாக வெட்டுவது, எந்தப் பாகத்தை எதற்குப் பின் பொருத்துவது என்று, படிக்கும் மற்றொரு கைவினைஞன் தானும் செய்து பார்க்கத்தக்க வகையில் எழுதினார். செய்து சோதித்தறியாத தொழில்நுட்பம் மெய்க்கும் பொய்க்கும் நடுவே ஊசலாடும் என்பது அவர் கொண்ட கருத்து. எண்ணூறு ஆண்டுகள் கடந்த பின்னரும் அவர் நூலைப் பார்த்து அவருடைய கடிகாரங்களை மீண்டும் செய்திருக்கிறார்கள் என்றால், அது அவர் மறைக்காமல் எழுதியதன் பயன்.

பயன்தரும் கல்வியை விட்டுச் செல்பவருக்கு அவர் மறைவுக்குப் பின்னும் நன்மை தொடரும் என்பது நாமெல்லாம் அறிந்த நபிமொழியின் கருத்து. மொட்டைமாடியில் கூடும் பிள்ளைகள் தங்கள் சுற்றுப்படத்தை ஒருவருக்கொருவர் வரைந்து கொடுக்கிறார்கள் என்று அந்தத் தாய் எழுதியிருக்கிறார். அறிந்தோ அறியாமலோ அவர்கள் நடப்பது அல்ஜஸரீயின் பாதையில்.

ஒரு சிறுவனும் ஒரு சஞ்சிகையும்

இனி நம் காலத்துக்கு வருவோம். 1920-ஐ ஒட்டி, ரஷ்யாவைச் சேர்ந்த லியோன் தெரமின் என்ற விஞ்ஞானி, தொடாமலே ஒலிக்கும் கருவி ஒன்றை ஆக்கினார். இரண்டு உலோகக் கம்பிகளின் அருகே கைகளைக் கொண்டுசென்றாலே ஓசை ஏறும், இறங்கும், பெருகும், அடங்கும். அவர் பெயராலேயே அக்கருவி 'தெரமின்' எனப்பட்டது.

1949-இல் நியூயார்க் நகரில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன், பொழுதுபோக்கு மின்னணுச் சஞ்சிகையில் வந்த குறிப்பைப் பார்த்துத் தன் வீட்டிலேயே ஒரு தெரமினைச் செய்தான். அச்சிறுவனின் பெயர் ராபர்ட் மோக். அவனுடைய தந்தை ஒரு பொறியாளர். ஓய்வு நேரத்தில் வீட்டுப் பட்டறையில் மகனுடன் அமர்ந்து வேலை செய்தவர். 1954-இல் மோக் தாமே தெரமின் செய்யும் முறையைச் சஞ்சிகையில் எழுதினார். தந்தையும் மகனுமாக அக்கருவிகளைச் செய்து விற்கத் தொடங்கினர். 1961-இல் டிரான்சிஸ்டர் கொண்டு செய்யும் முறையையும் எழுதினார். வாங்குபவர் தம் கையாலேயே கூட்டிக்கொள்ளத்தக்க பாகங்களைப் பொட்டலமாகவும் விற்றார்.

அவர் தெரமினை அறிந்து பழகியிருந்த இசையாசிரியர் ஹெர்பர்ட் டாய்ச், 1963-இன் இறுதியில் அவரை ஒரு மாநாட்டில் சந்தித்துப் பேசினார். அந்தப் பேச்சின் விளைவாக 1964-இல் உருவானதுதான் உலகப் புகழ்பெற்ற மோக் சிந்தசைசரின் முன்மாதிரி. சிறுவன் ஒருவன் சஞ்சிகையைப் பார்த்துச் செய்தான். செய்ததைச் சஞ்சிகையில் எழுதினான். அதைக் கற்ற மற்றொருவர் வந்து புதிய தேவையைச் சொன்னார். புதிய கருவி பிறந்தது. பகிர்வு எவ்வாறு வட்டமிட்டு வளர்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அந்தக் கருவிகளின் விலையோ சாமானியர் நெருங்க முடியாதது. எனவே பொழுதுபோக்காளர் தாமே செய்யத் தலைப்பட்டனர். 1973-இல் ஆஸ்திரேலியாவின் 'எலெக்ட்ரானிக்ஸ் டுடே இன்டர்நேஷனல்' சஞ்சிகை, 4600 என்ற எண்ணுடைய முழுச் சிந்தசைசரின் செய்முறையைத் தொடராக வெளியிட்டது. 1977-இல் 'எலெக்டர்' சஞ்சிகை 'ஃபார்மன்ட்' என்ற சிந்தசைசரின் செய்முறையை மாதம் ஒரு பகுதியாக வெளியிடத் தொடங்கியது. அடுத்த இதழ் வரும்வரை இந்த இதழின் பலகையைப் பற்றவைத்துக் காத்திருந்தவர்கள் பலர்.

எளியவர்க்கும் எட்டும் வழியை 555 என்னும் எட்டுக்கால் ஐ.சி. திறந்தது. 1971-இல் ஹான்ஸ் காமன்சிண்ட் வடிவமைத்து, 1972-இல் சந்தைக்கு வந்த அது, காலத்தை அளக்கப் பிறந்தது. அமெரிக்க எழுத்தாளர் ஃபாரஸ்ட் மிம்ஸ் இரண்டு 555-களைக் கோத்து, படிப்படியாகத் தாவும் ஓசை தரும் சுற்று ஒன்றைத் தம் குறிப்பேட்டு நூலில் வெளியிட்டார். பிற்காலத்தில் 'அட்டாரி பங்க் கன்சோல்' என்ற செல்லப்பெயர் பெற்று, உலகெங்கும் புதிதாகக் கைவைப்பவர்களின் முதற்பாடமாக அது விளங்கி வருகிறது. நம் தாய்க்கு மகனின் பிஸ்கட் டப்பாவிலிருந்து வந்த ஊளையும் இதன் உறவாகவே இருக்கக்கூடும்!

நம் தென்னாட்டிலும் சான்று உண்டு. பெங்களூரில் விமானத்துறைப் பொறியாளராகப் பணியாற்றிய, குழலிசையும் கற்ற ஜி. ராஜ் நாராயண், 1970-களின் இறுதியில் மின்னணுச் சுருதிப் பெட்டியை உருவாக்கினார். பின்னர் அதுவே 'ராடெல்' என்ற பெயரில் ஒரு தொழிலாக வளர்ந்தது. ஒருவர் கையில் பிறந்த பெட்டி பலர் வீட்டில் அடுப்பெரிய வழி செய்தது.

பிழையை மறைக்காத சபை

இந்தப் பொழுதுபோக்காளர்களிடம் எம்மை மிகவும் கவர்ந்த குணம் ஒன்றுண்டு. வென்றதை மட்டும் காட்டுவது உலக இயல்பு. இவர்களோ தோற்றதையும் கொண்டுவந்து நடுவில் வைக்கிறார்கள். "இரண்டு வாரமாக முயன்றேன், ஒலிக்கவில்லை. எங்கே பிழை?" என்று வெட்கமின்றிக் கேட்கிறார்கள். மற்றவர் கவிழ்த்துப் பார்த்து, "மின்தேக்கியைத் தலைகீழாகப் பொருத்தியிருக்கிறாய்" என்கிறார். இன்னொருவர், "இந்தப் பற்று மங்கலாக இருக்கிறது, சூடு போதவில்லை, மீண்டும் உருக்கு" என்கிறார். சிரிப்பு எழும், இகழ்ச்சி இராது. ஏனெனில் சிரித்தவரும் போன மாதம் அதே பிழையைச் செய்தவர்தாம்.

சில பிழைகள் கணக்கிலேயே ஒளிந்திருக்கும். சிந்தசைசர்களில் மோக் கைக்கொண்ட முறைப்படி, ஒரு வோல்ட் ஏறினால் ஓசையின் அதிர்வு சரியாக இருமடங்காக வேண்டும். இதைச் செய்யும் டிரான்சிஸ்டரின் இயல்போ வெப்பத்தோடு மாறுவது. காலையில் சுருதி சேர்த்த பெட்டி, நண்பகலில் அறை சூடேறியதும் விலகிப்போகும். தாளில் சரியாக வந்த கணக்கு மேசைமேல் பொய்க்கும். பக்கீர்மார் தாயிராவை அனலில் காட்டித் தோலை இறுக்கிச் சுருதியை உயர்த்துவதைப் பார்த்தவர்களுக்கு, வெப்பம் ஓசையை ஆள்வது புதிதன்று. மின்னிசைப் பெட்டி செய்வோர் இதற்கு ஓர் உபாயம் கண்டார்கள். ஒரே குணமுள்ள இரண்டு டிரான்சிஸ்டர்களைத் தேர்ந்தெடுத்து ஒன்றோடொன்று ஒட்டிவைப்பார்கள்; ஒன்றின் விலகலை மற்றொன்று ஈடு செய்யும். மிச்சமிருக்கும் பிழையை நீக்க, வெப்பம் ஏறும்போது தானும் ஏறும் தனிவகை மின்தடை ஒன்றை அவற்றின் மேல் சேர்த்துக் கட்டுவார்கள். இந்த உபாயத்தைக் கற்கும் பிள்ளை, மதிப்பெண்ணுக்காக மனனம் செய்த பாடத்தை முதன்முறையாகத் தன் விரல்நுனியில் உணர்கிறான்.

பிழையே புதுவழி காட்டியதும் உண்டு. 1966-67 வாக்கில் அமெரிக்கச் சிறுவன் ரீட் கஸாலாவின் மேசை இழுப்பறையில், மூடி கழன்ற பொம்மை ஒலிபெருக்கி ஒன்று ஏதோ உலோகத்தில் உரசி விந்தையாக ஒலித்தது. அதைக் கெட்டுவிட்டதென்று எறியாமல், ஏன் ஒலித்தது என்று அவர் ஆராய்ந்தார். பாட்டரியில் இயங்கும் பழைய விளையாட்டுப் பொருள்களின் சுற்றை மாற்றிப் புது ஓசை காணும் தனிக் கலையாகவே அது பின்னாளில் வளர்ந்தது.

தன் பிழையை ஒப்புக்கொள்வதும், கேட்டவருக்குக் கற்றதை ஒளிக்காமல் சொல்வதும், பிறர் கருவியைத் தன் கருவிபோல் பேணுவதும் எவ்வளவு உயர்ந்த பண்புகள்! நாம் மத்ரஸாவிலும் வீட்டிலும் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்தவற்றை, அப்பிள்ளைகள் ஒரு மொட்டைமாடியில் பழகிக்கொண்டிருக்கிறார்கள்.

பெண்மக்களுக்கும் இது உரியதே

இதெல்லாம் ஆண்பிள்ளைகள் விவகாரம் என்று தாய்மார்கள் ஒதுங்க வேண்டாம். இங்கிலாந்தில் டாஃப்னி ஓரம் என்ற பெண்மணி, 1958-இல் பி.பி.சி.யின் மின்னொலிப் பட்டறை தோன்றக் காரணமானவர்களுள் ஒருவர். மறு ஆண்டே அதை விட்டு விலகி, கென்ட் பகுதியின் கிராமப்புற வீடொன்றில் தமக்கெனப் பட்டறை அமைத்து, புதுமையான எந்திரம் ஒன்றைச் செய்தார். 35 மில்லிமீட்டர் திரைப்படச் சுருளின் மேல் கோடுகளை வரைவார். எந்திரம் அக்கோடுகளை ஒளியின் உதவியால் படித்து ஓசையாக்கும். மருதாணிக் கோலத்தை இம்மியும் பிசகாமல் இடும் நம் வீட்டுப் பெண்மக்களின் விரல்களுக்கு, நெல்மணியைவிடச் சிறிய மின்தடையைப் பொருத்துவது பெரிய காரியமா என்ன?

இசை பற்றிய கேள்வி

இனி, தாயின் இரண்டாம் கேள்வி. இசைக்கருவிகள் குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவற்றைக் கண்டிப்பாக விலக்கியோர் பலர். இடம், நோக்கம், உடன்வரும் பழக்கம் ஆகியவற்றைப் பார்த்துப் பிரித்துச் சொன்னோரும் உளர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் இதற்கெனவே ஒரு பகுதியை ஒதுக்கி ஆராய்ந்துள்ளார்கள். திருமண மகிழ்ச்சியில் தஃப் அடிக்க இடமளிக்கும் நபிமொழிகளும் இருக்கின்றன. இப்பத்தியில் ஃபத்வா வழங்கும் தகுதியோ துணிவோ எமக்கில்லை. தாங்கள் நம்பும் ஆலிம் ஒருவரிடம் தந்தையும் மகனும் சேர்ந்தே செல்லட்டும். பெட்டியையும் உடன் எடுத்துச் செல்லட்டும். கேளாமலும் பாராமலும் பெறும் தீர்ப்பைவிட, கண்டு கேட்டுப் பெறும் விளக்கம் மகனின் மனத்தில் நிற்கும்.

எந்த ஆலிமும் மறுக்க முடியாத ஒன்றை மட்டும் சொல்வோம். கைத்தொழில் நபிமார்களின் வழி. நூஹ் (அலை) அவர்கள் கப்பல் கட்டினார்கள். தாவூது (அலை) அவர்களுக்குக் கவசம் செய்யும் கலையைக் கற்பித்ததாக இறைவன் தன் திருமறையில் கூறுகிறான். ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்று ஹதீஸ் தெரிவிக்கிறது. கையால் உழைத்து உண்பதைவிடச் சிறந்த உணவில்லை என்பதும் நபி (ஸல்) அவர்களின் போதனையே.

ஓசை எழுப்பும் அதே 555, தொட்டி நிரம்பியதும் கூவி எச்சரிக்கும்; படுக்கையில் கிடக்கும் உம்மம்மாவின் கையருகே அழைப்புமணியாகும்; சஹருக்கு எழுப்பும். பாகங்கள் அவையே, பற்றவைக்கும் கையும் அதுவே. ஒரு பெட்டியின் ஓசை பிடிக்கவில்லை என்பதற்காக, அதைச் செய்யக் கற்ற கையையே பரணில் பூட்டலாமா?

எளியேனின் குறை

இதை எழுதும் எளியேனுக்கு அறிவுரை சொல்லும் தகுதி எப்படி வந்தது என்று கேட்டால், தவறு செய்ததால் வந்தது என்றே சொல்ல வேண்டும்.

எனக்கு ஒரு தம்பி. சிறுவயதில் பழைய வானொலிகளைப் பிரித்து, ஒன்றின் உறுப்பை மற்றொன்றில் பொருத்தி, ஒருநாள் இலங்கை வானொலியை வரவழைத்துவிட்டான். வீடே கூடி நின்று கேட்டது. அவனுடைய பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கியபோது, வாப்பா வெளிநாட்டில் இருந்ததால், காக்கா என்ற உரிமையில் அந்தச் சாமான்களையெல்லாம் ஒரு சாக்கில் கட்டிப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டேன். கிடைத்த காசில் அவனுக்கே ஒரு பேனா வாங்கிக் கொடுத்தேன். அவன் அழவில்லை, சண்டையிடவில்லை. தேர்வில் தேறினான். பின்னர் அவனும் சபுர் சென்று, ஒரு கடையில் கணக்கெழுதி, தலை நரைத்துத் திரும்பினான். இன்றும் என்மீது அன்பு உள்ளவன்தான். ஆனால் வீட்டில் ஒரு மின்விசிறி நின்றால்கூட, "ஆளைக் கூப்பிடுங்க காக்கா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவான். அன்றிலிருந்து இன்றுவரை அவன் கையில் ஒரு திருப்புளியை நான் கண்டதில்லை.

அவன் தேர்வைப் பற்றி நான் கொண்ட கவலை நியாயமானது. கவலையைச் சொல்லிய விதம்தான் அநியாயம்.

மூவருக்கும் சில சொற்கள்

மகனுக்கு: தம்பி, உன் வாப்பாவின் கோபத்துக்குள் பத்தொன்பது ஆண்டு வெயில் இருக்கிறது. முதலில் நீ போய் ஸலாம் சொல். தொழுகை நேரத்திலும் பிறர் உறங்கும் நேரத்திலும் பெட்டி வாய் திறக்கக் கூடாது. காதில் மாட்டும் கருவி எதற்கு இருக்கிறது? 9 வோல்ட் பாட்டரியோடு நின்றுகொள். வீட்டின் 230 வோல்ட் மின்சாரத்தில், முறையாகக் கற்றுத் தேர்ந்தவர் அருகில் இல்லாமல் கைவைக்காதே. பற்றவைக்கும் ஈயத்தில் வெள்ளீயத்தோடு காரீயமும் கலந்திருக்கலாம். சன்னலைத் திறந்து வைத்து வேலை செய். கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் சோற்றில் வைக்காதே. மாதம் இவ்வளவுதான் செலவு என்று வரையறுத்து எழுதிவை. ஒன்றை முடிக்காமல் மற்றொன்றைத் தொடங்காதே. செய்ததையும் கெட்டதையும் தேதியிட்டு ஒரு நோட்டில் குறித்துவா. அல்ஜஸரீயும் எழுதியதால்தான் இன்று நம்மோடு பேசுகிறார். முதற்காரியமாக, உன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு ஓர் எச்சரிக்கைக் கருவி செய்து கொடு.

தந்தைக்கு: சகோதரரே, தங்கள் கவலையை எவரும் குறை கூற முடியாது. படிப்புக் கெடுமோ, பணம் கரையுமோ, மார்க்கம் தவறுமோ என்று அஞ்சுவது தந்தையின் கடமை. ஆயினும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு மணிநேரம் மட்டும், அந்த மொட்டைமாடிக்கு ஏறிச் சென்று ஓர் ஓரமாக அமர்ந்து கேளுங்கள். தங்கள் மகன் யாரோடு பழகுகிறான், என்ன பேசுகிறான், பிழையைச் சுட்டும்போது எவ்வாறு ஏற்றுக்கொள்கிறான் என்பதையெல்லாம் ஒரே அமர்வில் அறிந்துகொள்வீர்கள். பூட்டிய பரண் இவற்றுள் எதையும் தங்களுக்குச் சொல்லாது. மோக்கின் தந்தை மகனோடு பட்டறையில் அமர்ந்திருந்தவர் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

தாய்க்கு: யார் பக்கம் நிற்பது என்று கேட்டீர்கள். இருவருக்கும் நடுவே நில்லுங்கள். இன்றிரவு சோற்றை இரண்டு தட்டுகளில் பரிமாறாமல், பழையபடி ஒரே சஹனில் வையுங்கள். பேச்சு தானே வரும், இன்ஷா அல்லாஹ்.

அந்தப் பரணின் பூட்டு திறந்ததா என்று எமக்கு ஒரு வரி எழுதுங்கள், சகோதரி. எம் தம்பியிடமும் அம்மடலைப் படித்துக் காட்ட விரும்புகிறேன்.

நம் பிள்ளைகளின் கைகளுக்கு ஹலாலான திறனையும், நம் நாவுகளுக்கு மென்மையையும் வல்ல நாயன் அருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.